ஹெல்மெட் கழற்றக் கூடாது

ஜனவரி 7, செவ்வாய்

இன்றைக்கு மட்டும் நானூற்றுப் பன்னிரண்டு படி. எண்ணிக்கொண்டே ஏறினேன். மருத்துவமனையின் இரண்டாம் லிஃப்ட் ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. ஊரில் எல்லோருக்கும் லிஃப்ட் உண்டு. அது கெட்டுப்போனால் மொட்டை மாடியில் இருக்கும் மோட்டார் அறைக்குப் படியேறிப் போக நான் உண்டு. இருபத்தாறு வருஷமாக இதுதான் பிழைப்பு.

உள்ளே மாட்டிக்கொண்டிருந்தவர் எலும்பு டாக்டர். வெளியே வந்ததும் நன்றி சொல்வார் என்று பார்த்தால், என் முட்டியையே பார்த்தார். "முட்டியைப் பிடிச்சுக்கிட்டே நடக்கறீங்களே, எத்தனை நாளா?" என்றார். ஒரு வருஷமா என்றேன். "படியைக் குறைங்க. சைக்கிள் ஓட்டுங்க."

"நாப்பத்தொன்பது வயசுல சைக்கிளா டாக்டர்?"

"உங்க வயசு சைக்கிளுக்கு எப்படித் தெரியும்?"

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். பல் துலக்கும் பிரஷ் வாங்க மூன்று வாரம் யோசிக்கிற மனுஷன், என் புருஷன், உடனே "நல்ல யோசனை" என்றார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஜனவரி 11, சனி

வண்டி வந்துவிட்டது. அவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார் ஓட்டியதாம். ஹாண்டில் ஆட்டுக் கொம்பு போல வளைந்திருக்கிறது. டயர் என் கட்டை விரல் அகலம்தான். சீட்டைச் சீட்டு என்று சொல்லவே வாய் வரவில்லை. எடை மட்டும் ஆச்சரியம், ஒரு கையால் தூக்கிவிட்டேன். என் டூல் பை இதைவிடக் கனம்.

தெருக்கோடி வரை போய்த் திரும்பினேன். எதிர் வீட்டுக்காரம்மா வாசலில் நின்று வாயைப் பிளந்து பார்த்தாள். மணி அடிக்கலாம் என்று தேடினேன். இந்த வண்டியில் மணிகூட இல்லை.

ஞாயிறு காலையில் சேர்ந்து ஓட்டுகிற ஒரு கூட்டம் இருக்கிறது என்று அவர் ஒரு நம்பர் கொடுத்தார். ரசாயன வாத்தியாருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? "ஸ்டாஃப் ரூம்ல பேசிக்கிட்டாங்க" என்றார்.

ஜனவரி 19, ஞாயிறு

அவளும் அங்கே இருந்தாள்.

வரிசையாக எழுதுகிறேன். பெட்ரோல் பங்க் வாசலில் விடியும்போது ஆறு பேர். தலைவர் ஒரு பிளம்பர், எல்லோரும் கேப்டன் என்கிறார்கள். வாய் ஓயாத மனுஷன். மேட்டில் அவரவர் வேகத்தில் போகலாமாம். கடைசி ஆளுக்குப் பின்னால் ஒருவர் வர வேண்டும். அவர் 'வால்', வாரம் ஒருவர் முறை. உச்சிக்கு வந்தவர்கள் கடைசி ஆளும் வாலும் வரும்வரை ஹெல்மெட் கழற்றக் கூடாது. கேப்டன் "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்பார், எல்லோரும் "வந்தாச்சு!" என்று கத்துவார்கள், அப்புறம்தான் தலைக்குக் காற்று. "எதுக்கு இப்படி?" என்றேன். "மேல போயி ஹாயா உக்காந்துட்டா கீழ ஒருத்தர் கிடக்கறது மறந்துடும் அக்கா. தலை அரிச்சா மறக்காது."

நல்ல விதிதான் என்று நினைத்துத் திரும்பினால், நீல ஹெல்மெட்டில் என் நாத்தனார். என் வீட்டுக்காரரின் ஒரே தங்கை. நாலு வருஷமாக எங்களுக்குள் பேச்சு இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் மாற்றலாகி இந்த ஊருக்கே வந்துவிட்டாள். எங்கள் வீட்டிலிருந்து கால் மணி நேரம். ஒரு நாள் வாசல் மிதித்ததில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். நான் என் டயரைப் பார்த்தேன். முதல் நாள் என்று சமதரையில்தான் போனோம். அதற்கே நாக்கு தள்ளிவிட்டது.

ஜனவரி 20, திங்கள்

உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே எழுதுகிறேன்.

ஜனவரி 23, வியாழன்

அவரை மடக்கினேன். "அந்தக் கூட்டத்துல உங்க தங்கச்சி இருக்கான்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"அப்படியா? குட்டியா? அங்கயா?" என்றார். நாற்பத்து நாலு வயதுத் தங்கை இவருக்கு இன்னும் குட்டி. இந்த நடிப்புக்குப் பள்ளி ஆண்டு விழாவில்கூட வேஷம் கொடுக்க மாட்டார்கள்.

"தபால் ஆபீஸ், தபால் ஆபீஸ்னு மாசத்துக்கு ரெண்டு தடவை போறீங்களே, அங்கதானே போறீங்க?"

பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். ஸ்டாம்ப் ஒட்டிய கடிதம் ஒன்றுகூட இந்த வீட்டில் எழுதப்பட்டதில்லை.

வண்டியை விற்றுவிடலாமா? அவளுக்கு முன்னால் ஓடி ஒளிந்த மாதிரி ஆகிவிடும். போவேன். நான் எதற்கு ஒதுங்க வேண்டும்?

பிப்ரவரி 2, ஞாயிறு

முதல் மேடு! தண்ணீர்த் தொட்டிக் குன்று, மூன்றே கிலோமீட்டர். நான்தான் கடைசி. அது கிடக்கட்டும்.

பாதியில் மூச்சு எங்கேயோ போனது, இதயம் காதுக்குள் வந்தது. இறங்கிவிடலாம் என்று நினைத்த இடத்தில் ஒரு வளைவு. அது வரை போவோம் என்று போனேன். அதற்கப்புறம் இன்னொன்று. அப்படியே ஏமாற்றி ஏமாற்றி என்னை நானே மேலே கொண்டுபோய்விட்டேன். திரும்பிப் பார்த்தால் என் ஊரே கீழே கிடக்கிறது. நான் வேலை பார்க்கும் கட்டடங்கள் எல்லாம் தீப்பெட்டி உயரம்.

எத்தனை பேரைப் பட்டனை அமுக்கி மேலே அனுப்பியிருப்பேன்! படி ஏறுவது வேலை. இது என்னவோ வேறு. தனியாகச் சிரித்துக்கொண்டு வந்திருக்கிறேன் போல, கேப்டன் "என்ன அக்கா, மாட்டிக்கிட்டீங்களா?" என்றார். மாட்டிக்கொண்டேன்தான்.

இன்னொரு சந்தோஷம், எனக்காக அவள் ஒன்பது நிமிஷம் ஹெல்மெட்டோடு நின்றிருக்கிறாள். ஹெல்மெட்டின் ஓட்டைக்குள் விரலை விட்டுச் சொறிந்துகொண்டிருந்தாள். அற்ப சந்தோஷம். இருந்துவிட்டுப் போகட்டும்.

பிப்ரவரி 8, சனி

புதுப் பிரேக் கட்டை மாட்டினேன். "கடையில குடுங்க அக்கா, அஞ்சு நிமிஷ வேலை" என்றார் கேப்டன். கடையிலா! பிரேக்குக்கு நான் இன்னொருத்தனிடம் போவதா?

லிஃப்ட் பிரேக்கில் கட்டைக்கும் உருளைக்கும் நடுவே அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் இடைவெளி விடுவேன். மெல்லிய தகட்டை நுழைத்து அளந்து பார்ப்போம். அதே தகடு, அதே அளவு, இரண்டு பக்கமும் முடி பிசகாமல் வைத்தேன். வண்டியைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுழற்றினேன். சத்தமே இல்லை. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அழகா இருக்கு" என்றார். பிரேக்கை அழகு என்று சொல்கிற ஆளைக் கட்டிக்கொண்டதில் இன்றைக்கு வருத்தமில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

அதே குன்று. போன வாரத்தைவிடக் கஷ்டம். தூக்கம் போதவில்லை போல.

பிப்ரவரி 16, ஞாயிறு

கடைசி. பதினான்கு நிமிஷம் பின்னால்.

பிப்ரவரி 23, ஞாயிறு

இன்றைக்கு வால் அவள் முறை. மூன்று கிலோமீட்டரும் என் முதுகுக்குப் பின்னால் அவள் சக்கரம். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்படி ஒரு ஊர்வலத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

மேலே வந்ததும் அவள் கேப்டனின் காதில் ஏதோ சொன்னாள். அவர் என்னிடம் வந்தார். "அக்கா, உங்க பின் பிரேக் உரசற மாதிரி இருக்காம்…"

"யார் சொன்னது?"

அவர் நீல ஹெல்மெட்டைப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இருபத்தாறு வருஷமா பிரேக்தான் எனக்குச் சோறு போடுது. என் பிரேக்கை நான் பாத்துக்கறேன்" என்று எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னேன். வீட்டுக்கு வந்து சுழற்றிப் பார்த்தேன். உரசவில்லை. சுத்தமாக உரசவில்லை! நினைத்தேன். குறை கண்டுபிடிக்காவிட்டால் அவளுக்குப் பொழுது போகாது.

மார்ச் 5, புதன்

கேப்டன் மெசேஜ் அனுப்பியிருக்கிறார். 30ஆம் தேதி பெரிய மலை. பதினெட்டு கிலோமீட்டர், முப்பத்தொரு கொண்டை ஊசி வளைவு.

மூன்று கிலோமீட்டருக்கே பதினான்கு நிமிஷம் பின்தங்குகிறவள் பதினெட்டுக்குப் போனால் அவர்கள் மலை உச்சியில் ஹெல்மெட்டோடு குடும்பம் நடத்த வேண்டியதுதான். வயது ஆகிவிட்டது, ஒப்புக்கொள். ஆனால் போகாமல் இருக்கவும் மனசு கேட்கவில்லை. வேலை நேரத்தில் லிஃப்ட் மேலே போகும்போது கால் தன்னால் மிதிக்கிறது.

மார்ச் 12, புதன்

பழைய கட்டடம் ஒன்றில் மோட்டார் அறையில் தனியாக இருந்தேன். ஏனோ அந்த நாள் ஞாபகத்துக்கு வந்தது. இதுவரை எழுதியதில்லை. எழுதிவிடுகிறேன்.

மாமியார் எட்டு மாதம் படுக்கையில் இருந்தார், எங்கள் கூடத்தில். பகலில் ஆள் வைத்திருந்தோம், மற்ற நேரமெல்லாம் நான். அவள் வெளியூரிலிருந்து வாரம் ஒரு நாள் வருவாள், இரண்டு பஸ் மாறி, தனக்குக் கிடைக்கிற ஒரே லீவு நாளில். ஒரு மத்தியானம் அம்மாவைத் திருப்பிப் படுக்க வைத்தவள், "அண்ணி, அம்மா முதுகுல உரசி உரசிச் சிவந்திருக்கு, புண்ணாயிடும் போல இருக்கே" என்றாள். எனக்கு எங்கிருந்து வந்ததோ! "வாரத்துக்கு ஒரு நாள் வந்து பாத்துட்டுப் போற விருந்தாளிக்கு இங்க என்ன தெரியும்?" என்று கத்தினேன். பெற்ற அம்மாவின் கட்டில் பக்கத்தில் நின்றவளை.

அவள் அம்மாவைத் திரும்பப் படுக்க வைத்துவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். மாமியார் போய் எல்லாம் முடிந்த அன்று, "விருந்தாளி கிளம்பறேன்" என்றாள். அவ்வளவுதான்.

நான் அப்படிக் கத்தி இரண்டு நாள் கழித்து மாமியார் முதுகில் புண்ணைப் பார்த்தேன். அவள் சொன்ன அதே இடம். அதை நான் அவரிடம்கூடச் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 29, சனி

நாளைக்குப் போகிறேன். முடியாவிட்டால் திரும்பி வந்து வண்டியை விற்றுவிடுவேன். அவரிடமும் சொல்லியாகிவிட்டது. முகம் வாடிப்போனது பாவம். அது என் மலைக்காக மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 30, ஞாயிறு

விரல் எல்லாம் வலிக்கிறது. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியாது.

வாலுக்குச் சீட்டுக் குலுக்கினார்கள், அவள் பெயர் வந்தது. கேப்டன் குலுக்கிய விதத்தைப் பார்த்தால் எல்லாச் சீட்டிலும் அவள் பெயர்தான் இருந்திருக்கும். இவரும் தபால் ஆபீஸ் ஆள்தானோ!

பத்தாவது வளைவு வரை சமாளித்தேன். பதினைந்தில் தொடை கல்லாகிவிட்டது. பத்தொன்பதாவது வளைவில் ஒரு மைல்கல்லில் காலை ஊன்றி நின்றேன். அழுதேன். நாற்பத்தொன்பது வயதில் நடு ரோட்டில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. அவள் பத்தடி தள்ளி நின்றாள். அப்புறம்—

"அண்ணி. உங்க பிரேக் உரசுது."

நாலு வருஷத்துக்கு அப்புறம் முதல் பேச்சு. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சுத்திப் பாத்துட்டேன். உரசல" என்றேன்.

"சும்மா சுத்தினா உரசாது. நீங்க ஏறி மிதிக்கும்போதுதான் உரசுது. காது டெஸ்ட் பண்றதுதான் அண்ணி என் வேலை. ஊசி விழற சத்தத்துக்கு ஆள் கை தூக்கறாங்களான்னு நாள் பூரா பாக்கறேன். இது எனக்குக் கேக்காதா?"

"பழசானா இந்த வண்டி ஏதாவது சத்தம் போடத்தான் செய்யும்."

"இறங்குங்க" என்றாள். என்ன அதிகாரம்! இறங்கினேன். என் வண்டியில் ஏறி மேட்டில் எழுந்து நின்று மிதித்தாள். நான் பின்னால் குனிந்தபடி நடந்தேன். ஸ்ஸிக். ஸ்ஸிக். ஸ்ஸிக். அவள் ஒவ்வொரு மிதிக்கும் பின் சக்கரம் லேசாக நெளிந்து இடது கட்டையில் போய் இடித்தது. இத்தனை நாளும் என் மூச்சுச் சத்தத்தில் எனக்கு எங்கே கேட்டிருக்கும்?

பையிலிருந்து ஆலன் கீயை எடுத்துக் கட்டையைக் கழற்றினேன். ஏழு வாரத்தில் இடது பக்கம் பாதி காலி. வலது பக்கம் புதுசு மாதிரி. இதை ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். லிஃப்ட் உருளை வார்ப்பிரும்பு, அசையாது. அதற்கு வைக்கிற இடைவெளியைக் குச்சிக் கம்பிச் சக்கரத்துக்கு வைத்திருக்கிறேன். சும்மா சுழன்றால் உரசாது, எழுபத்தொரு கிலோ ஏறி உட்கார்ந்து மிதித்தால் உரசாமல் என்ன செய்யும்? இந்தத் தப்பைக் கடைக்காரன் செய்ய மாட்டான். என்னை மாதிரி கெட்டிக்காரிதான் செய்வாள்.

கட்டையைத் திரும்ப மாட்டி, இடைவெளியைக் கூட்டி வைத்தேன். அவள் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பிரேக் போட்டுக்கிட்டே மலை ஏறியிருக்கேனா நான்?"

"ஏழு வாரமா" என்றாள். அவளும் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும், "அன்னைக்கு அம்மா முதுகுல நீ சொன்னது…" என்று ஆரம்பித்தேன்.

"முதல்ல ஏறுங்க அண்ணி. மேல நாலு பேர் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நிப்பாங்க."

ஏறினேன். யாரோ பின்னாலிருந்து முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது. இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு. கால் வலித்தது, மூச்சு வாங்கியது, ஆனால் மிதித்த மிதி எல்லாம் எனக்கே கிடைத்தது. இருபத்தேழில் பாட்டுக்கூட முனகினேன். முப்பத்தொன்றில் மேகம் என் முழங்கைப் பக்கம் நின்றது. "எல்லாரும் வந்தாச்சா?" என்றார் கேப்டன். நான் போட்ட சத்தத்தில் பறவைகள் பறந்தன.

சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. சுற்றிலும் ஆட்கள்.

ஏப்ரல் 2, புதன்

மலை ஏறிவிட்டேன். அந்த ஒரு வார்த்தைதான் தொண்டையிலிருந்து ஏற மாட்டேன் என்கிறது. அவள் சொன்னால் மட்டும் அடைத்துக்கொள்கிற காது எனக்கு. அன்றைக்கு முதுகு, இன்றைக்குப் பிரேக். சே.

ஏப்ரல் 6, ஞாயிறு

திரும்பும்போது எங்கள் தெரு முனையில் அவள் வழக்கம்போல வலது பக்கம் திரும்பப் போனாள். "தண்ணி குடிச்சிட்டுப் போயேன்" என்றேன். பாட்டிலில் தண்ணீர் இருக்கிறது என்றாள். "அது சூடாயிருக்கும்" என்றேன். வந்தாள். வாசலோடு நின்றாள். ஒரு கால் பெடலில், தலையில் ஹெல்மெட்.

இதற்கு மேல் தள்ளிப்போட்டால் நான் மனுஷியே இல்லை.

"நீ சொன்ன இடத்துலதான் புண்ணு வந்துச்சு. ரெண்டு நாள் கழிச்சு நான் பாத்தேன். நீ சொன்னப்பவே பாத்திருந்தா அத்தைக்கு அவ்வளவு வலி இருந்திருக்காது. என் தப்பு வெளிய தெரிஞ்சிடும்னு வாயை மூடிக்கிட்டேன். உன்னை விருந்தாளின்னு சொன்னேனே, அது மகா தப்பு. என்னை மன்னிச்சுக்கோ."

அவள் ஹாண்டிலைப் பிடித்த கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எட்டு மாசம் நீங்க தூங்கல அண்ணி. அதை நான் ஒரு வார்த்தை சொன்னதில்ல. வந்ததும் குறைதான் சொன்னேன். அப்புறம் கோவத்தைப் பிடிச்சுக்கிட்டேன், விட வழி தெரியல." குரல் உடைந்துவிட்டது. எனக்கும்தான். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

உள்ளே ஜன்னல் பக்கத்தில் ஏதோ பாத்திரம் விழுந்தது. "அண்ணன் ஒட்டுக் கேட்டுக்கிட்டு இருக்காரு" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"அவரு தபால் ஆபீஸ் போகலையா இன்னைக்கு?" என்றேன். சிரித்தாள். வண்டியைச் சுவரில் சாய்த்தாள். படியேறி, கூடத்தில் கட்டில் இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். ஹெல்மெட் இன்னும் தலையில்தான். அவர் அடுக்களையிலிருந்து ஒன்றும் தெரியாதவர் போல எட்டிப் பார்த்தார். கண் சிவந்திருந்தது.

"எல்லாரும் வந்தாச்சா?" என்றாள் என்னைப் பார்த்து.

"வந்தாச்சு" என்றேன்.

கழற்றினாள். தலைமுடி எல்லாம் ஒட்டிப்போய் நனைந்த பூனை மாதிரி இருந்தாள்.

ஏப்ரல் 16, புதன்

முட்டி வலி பாதியாகக் குறைந்திருக்கிறது. எலும்பு டாக்டரிடம் சொன்னேன். லிஃப்டில் என்னைப் பார்த்தாலே இப்போது கொஞ்சம் பயப்படுகிறார், மலைக் கதையை ஆரம்பித்துவிடுவேன் என்று.

ஞாயிற்றுக்கிழமை மலையிலிருந்து வந்த கையோடு குட்டி அடுக்களைக்குள் போனாள். "டம்ளரை யாராவது கீழ்த் தட்டுல வைப்பாங்களா அண்ணி? அம்மா எப்பவும் மேல்தட்டுலதானே வைப்பாங்க?" என்று என் அடுக்களை முழுவதையும் தலைகீழாக மாற்றி அடுக்கிவிட்டுப் போயிருக்கிறாள். மூன்று நாளாகத் தண்ணீர் குடிக்க டம்ளரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். திட்டிக்கொண்டேதான் தேடுகிறேன். அவர் எடுத்துப் பழைய இடத்தில் வைக்கப் போனார். தொடாதீங்க என்று சொல்லிவிட்டேன்.